எங்கட என்று சொல்லாதவர்

அவருடைய பெயரை எழுதப் போவதில்லை. எங்கள் நாட்டில் ஒரு பெயரைச் சொன்னால் போதும், எந்த ஊர், எந்தச் சமயம், எந்தப் பக்கம் என்று கேட்பவர் மனதுக்குள் விரல்மடித்து எண்ணி முடித்துவிடுவார். அந்தக் கணக்கு அவருக்குப் பிடிக்காது. கொட்டாஞ்சேனையில் அவர் இருந்த ஒழுங்கையில் சின்னப் பிள்ளைகள் முதல் மீன்காரன் வரை அவரை ‘அபிசீனியா’ என்றுதான் சொன்னார்கள். கேலியாகத் தொடங்கியது அது. பிறகு அதுவே பெயராகி, கூப்பிட்டால் அவரும் திரும்பிப் பார்க்கப் பழகிக்கொண்டார்.

நானும் அவரும் கொழும்புக் கோட்டைப் பகுதியில் ஒரே கப்பல் ஏஜென்சிக் கந்தோரில் வேலை செய்தோம். நான் வெள்ளவத்தையில் இருந்து பஸ்ஸில் வரும் ஸ்டெனோ. அவர் துறைமுகத்துக்குப் போய்க் கப்பல்களில் ஏறி இறங்கும் கிளார்க். ஐம்பதை நெருங்கிய வயது, கல்யாணம் இல்லை, ஒட்டகச் சிவிங்கிபோல உயரம். கப்பல் கதவுகளுக்குள் குனிந்து குனிந்து நுழைந்து பழகியதால் கந்தோர் வாசலிலும் குனிந்துதான் வருவார். அந்த வாசலால் யானையே நிமிர்ந்து வரலாம். ஓய்வு நாட்களில் சக்ஸபோன் வாசிப்பார். செத்தவீட்டு பாண்ட் ஒன்றில் பழகிய வாசிப்பு. பிழையாக வாசித்தாலும் கோபிக்காத ஒரே ரசிகர் பெட்டிக்குள் படுத்திருப்பவர்தான் என்று சொல்வார்.

அவரிடம் ஒரு விசித்திரம் இருந்தது. ‘எங்கட’ என்ற சொல் அவர் வாயில் வராது. மற்றவர் சொன்னாலும் முகத்தைச் சுழிப்பார். வெள்ளவத்தையில் யாழ்ப்பாணத் தமிழர் நாங்கள் வாயைத் திறந்தாலே எங்கட ஆக்கள், எங்கட சனம், எங்கட சாப்பாடு, எங்கட பெடியள்தான். கொட்டாஞ்சேனையில் அதுவே ‘நம்ம’. பக்கத்துக் கடை சிங்கள முதலாளிக்கு ‘அபே’. யுத்தம் நடந்த அந்த வருடங்களில் இந்த மூன்றில் ஒன்றைச் சொல்லாமல் கொழும்பில் யாரும் ஒரு பிளேன்டீ குடித்து முடித்திருக்க மாட்டார்கள். இவர் மட்டும் அந்தச் சொல்லைச் சுற்றிக்கொண்டு போவார். கந்தோருக்குள் உட்கார்ந்துகொண்டே அதை ‘அந்தக் கந்தோர்’ என்பார். மாதா கோயில் பூசையில் எல்லோரும் ஜெபத்தில் ‘எங்கள் தந்தையே’ என்று சொல்லும்போது இவர் ‘தந்தையே’ என்று மட்டும் சொல்வாராம். பக்கத்தில் முழங்காலில் நின்ற ஒரு மனுசி எனக்கு இதை ஒரு பெரிய பாவம்போலச் சொன்னாள். தந்தைக்கு ஆட்சேபணை இருந்ததாகத் தெரியவில்லை.

இந்த மனிதருக்கு அபிசீனியா எப்படி வந்து ஒட்டியது என்பதற்கு ஒரு தோசைதான் காரணம்.

பழைய ஆட்கள் அபிசீனியா என்று சொல்லும் எதியோப்பியாவின் கப்பல் ஒன்றின் சமையல்காரன் நோயில் விழுந்து கொழும்பு ஆஸ்பத்திரியில் கிடந்தான். கப்பல் அவனை விட்டுவிட்டுப் போய்விட்டது. ஏஜென்சி சார்பில் அவனைப் பார்த்துக்கொள்வது இவருடைய வேலை. அவன் ஒன்றும் சாப்பிடவில்லை. சோறு, பாண், சூப் எல்லாவற்றையும் சுவர்ப் பக்கம் தள்ளிவிட்டுக் கிடந்தான். வேறு வழியில்லாமல் இவர் ஒரு நாள் கொட்டாஞ்சேனைக் கடையில் இருந்து தோசை கட்டிக்கொண்டு போனார். அளவுக்கு மிஞ்சிப் புளித்த மா. நானாக இருந்தால் கடைக்காரனிடமே திருப்பிக் கொடுத்திருப்பேன். சமையல்காரன் அதை விரலால் தொட்டுப் பார்த்தான், மணந்து பார்த்தான், பிய்த்து வாயில் வைத்தான், பிறகு அழத் தொடங்கினான். “யெஞ்ஞா, யெஞ்ஞா” என்று தோசையைக் காட்டிக் காட்டிச் சொன்னானாம். அவர்கள் நாட்டிலும் புளித்த மாவில் இப்படி ஒன்று சுடுவார்கள் என்று பிறகுதான் தெரிந்தது.

அடுத்த நாள் அவன் எழும்பி உட்கார்ந்து, தன் பையில் இருந்து சின்ன டேப் ரெக்கோடர் ஒன்றை எடுத்து ஒரு கசெட்டைப் போட்டான். அதையும் காட்டி “யெஞ்ஞா” என்றான். தோசைக்கும் பாட்டுக்கும் ஒரே சொல் என்றால் அதற்கு ‘நல்லது’ என்றுதான் அர்த்தம் இருக்கும் என்று இவர் முடிவுகட்டிவிட்டார். சுகமாகிக் கப்பலேறும்போது அவன் அந்தக் கசெட்டை இவர் கையில் வைத்துவிட்டுப் போனான்.

மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் கந்தோர் மேசையில் வைத்து எனக்குப் போட்டுக் காட்டினார். அவர்கள் நாட்டு ஜாஸ் அது. சக்ஸபோனும் ஓர்கனும் ஒன்றையொன்று துரத்திக்கொண்டு போயின. ஒரு பாட்டுக்கு ஐந்தே சுரம். அழுதுகொண்டிருந்த ஒருவர் இடையில் எழும்பி ஆடத் தொடங்கியதுபோல இருந்தது. எனக்கு அது பிடித்ததா இல்லையா என்று சொல்லத் தெரியவில்லை, ஆனால் சோற்றுப் பார்சலைத் திறக்க மறந்துபோனேன். அந்த நாட்டிலும் வருடக் கணக்காகச் சண்டைதானாம்.

“இது ஒருத்தர்டையும் இல்ல தங்கச்சி,” என்றார் அவர். “தமிழன்டையும் இல்ல, சிங்களவன்டையும் இல்ல. இங்க ஒருத்தனும் இதுக்குச் சண்டைக்கு வர மாட்டான்.”

அப்படித்தான் எங்கள் பாண்ட் தொடங்கியது. ஊர் இரண்டுபட்டால் கூத்தாடிக்குக் கொண்டாட்டம் என்பார்கள். அதைச் சொன்னவர் எங்கள் ஊர் இரண்டுபட்டதைப் பார்க்கவில்லை.

கொன்வென்டில் பரீட்சைக்காகப் பியானோ படித்தவள் என்பதால் என்னை ஓர்கனில் உட்காரவைத்தார். டிரம்ஸுக்கு முகத்துவாரத்தில் இருந்து சுனில் வந்தான். கல்யாண வீடுகளில் பைலா ஆட்டப் பாட்டுகளுக்கு அடிக்கிற சிங்களப் பையன், அவருடைய கோயிலிலேயே பூசைக்கு வருகிறவன், இவரை அண்ணா என்ற பொருளில் ‘அய்யே’ என்று கூப்பிட்டு நிழல்போலத் திரிகிறவன். நாலாவது ஆள் குகன். அவனைக் கொண்டுவந்தது நான். யாழ்ப்பாணப் பக்கத்தில் கோயில்களுக்கு நாதஸ்வரம் வாசிக்கிற குடும்பம். ஏஜென்ட் வெளிநாட்டுக்கு அனுப்புவான் என்று வெள்ளவத்தை லொட்ஜ் ஒன்றில் வந்து தங்கி, காத்திருப்பதையே உத்தியோகமாகச் செய்துகொண்டிருந்தான். இருபத்தாறு வயது. பேச்சு குறைவு. நாதஸ்வரத்தை மட்டும் தலையணைக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டு படுப்பான் என்று லொட்ஜ்காரர் சொன்னார்.

பழகுவதற்கு ஜிந்துப்பிட்டியில் ஒரு கிடங்கின் மேல்மாடி கிடைத்தது. கீழே மூட்டை மூட்டையாகச் செத்தல் மிளகாய். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து நாங்கள் போய்ச் சேர்ந்தால் முதலில் தும்மல் கச்சேரி நடக்கும். சக்ஸபோன்காரர் தும்மினால் என்ன ஆகும் என்று நினைக்கிறீர்கள்? கப்பல் ஊதுவதுபோல ஒரு சத்தம் வந்து, கீழே மூட்டை தூக்குகிறவர்கள் மேலே எட்டிப் பார்ப்பார்கள்.

முதல் நாளே வம்பு வந்தது. கசெட்டைப் போட்டதும் சுனில் குச்சிகளால் தொடையில் தட்டிப் பார்த்துவிட்டு, “மே அபே பைலா நே,” என்றான். இது எங்கட பைலாதானே என்று. உண்மையில் தாளம் அப்படியே பொருந்தியது. அடுத்த பாட்டு வந்தது. குகன் கண்ணை மூடிக்கொண்டு கேட்டுவிட்டு, “மாஸ்டர், இது கம்பீரநாட்டை,” என்றான். சாமி வீதிக்கு வெளிக்கிடேக்க வாசிக்கிற எங்கட மல்லாரி மாதிரியே இருக்கு என்றான். நான் மட்டும் சும்மா இருப்பேனா? மூன்றாவது பாட்டு மோகனம் என்றும், எங்கட மியூசிக் டீச்சர் இதைத்தான் முதல் முதலாகப் படிப்பித்தவ என்றும் சொன்னேன். அவர் சக்ஸபோனைக் கீழே வைத்தார். மூன்று பேரையும் வெளியே போகச் சொன்னார். சத்தம் போடவில்லை, கையால் கதவைக் காட்டினார். நாங்கள் மரப்படியில் வரிசையாக நின்று மிளகாய்க் காற்றில் தும்மினோம்.

அதன் பிறகு அது சட்டமாகிவிட்டது. எங்கட, நம்ம, அபே, எது வாயில் வந்தாலும் ஒரு பாட்டு முடியும்வரை படியில் போய் நிற்கவேண்டும். சுனில் தமிழ் படித்ததே என்னை மாட்டிவிடத்தான். “அக்கா, தீபாவளிக்கு யாருட வீட்டில பலகாரம்?” என்று ஒன்றும் தெரியாதவன்போலக் கேட்பான். நான் வாயைத் திறந்ததும் கதவைக் காட்டுவான்.

தொடக்கத்தில் நாங்கள் வாசித்தது கேட்கச் சகிக்காது. நாதஸ்வரம் யாருக்கும் வழிவிடாத வாத்தியம். அதன் சுருதிக்கு சக்ஸபோனும் ஓர்கனும்தான் இறங்கிப் போகவேண்டும். மாதக் கணக்கில் இறங்கிப் பழகினோம். ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஏன் என்று தெரியாமல், எல்லாம் சரியாக வந்தது. குகன் மல்லாரியைத் தொடங்க, அவர் கசெட்டில் கேட்ட குழைவோடு அதற்குள் நுழைய, சுனில் பைலாவை மெதுவாக்கி அடிக்க, நான் கை தன்பாட்டில் போவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அன்றைக்கு நான் சந்தோசமாக இருந்தேன். யுத்த காலம் முழுவதிலும் அப்படிச் சொல்லக்கூடிய நாட்கள் எனக்கு அதிகம் இல்லை.

அவர் ஏன் அந்தச் சொல்லை அப்படி வெறுத்தார் என்பதை அன்று மாலையில்தான் சொன்னார். மற்ற இருவரும் போய்விட்டார்கள், நானும் அவரும் பஸ் நிறுத்தம்வரை நடந்தோம். எண்பத்து மூன்று ஆடிக் கலவரத்தின்போது தமிழர் வீடுகளைத் தேடி அவருடைய ஒழுங்கைக்குள் ஆட்கள் தடியோடும் மண்ணெண்ணெய் டின்னோடும் வந்தார்கள். முன்வீட்டுச் சிங்கள மனுசி அவருடைய கதவில் சாய்ந்து நின்று, இது அபே வீடு என்று சொல்லியிருக்கிறாள். அவர்கள் நம்பினார்கள், அடுத்த கதவுக்குப் போனார்கள். அங்கே ஒரு தையல்காரர் குடும்பம். அந்த மனுசிக்கு அவர்களோடு பழக்கம் இல்லை. அவள் ஒன்றும் சொல்லவில்லை. இவர் கட்டிலுக்குக் கீழே கிடந்து எல்லாவற்றையும் கேட்டார்.

“அவ நல்ல மனுசி,” என்றார். “ஒரு சொல்லுல நான் தப்பிட்டேன். அதே சொல்லு அடுத்த வீட்டுக்குச் சொல்ல ஆளில்ல. அன்னைலருந்து அதக் கேட்டாலே எனக்கு மண்ணெண்ணெ மணக்குது.”

பஸ் வந்தது, ஏறிக்கொண்டேன்.

எங்கள் பாண்ட் மேடையேறியது ஒரே ஒரு தடவைதான். துறைமுகத்துக்குப் பக்கத்தில் வெளிநாட்டுக் கடலோடிகள் தங்கும் மண்டபத்தில் நத்தார் என்கிற கிறிஸ்மஸ் கொண்டாட்டம். பலகையில் எழுத ஒரு பெயர் வேண்டும் என்றார்கள். ‘யெஞ்ஞா’ என்று எழுதச் சொன்னார் அவர். நல்லது என்று அர்த்தம் என்றும் விளக்கம் கொடுத்தார். பிலிப்பைன்ஸ்காரர், கிரேக்கர், வங்காளிகள் என்று யார் யாரோ வந்து ஆடினார்கள். நாதஸ்வரத்துக்கு அவர்கள் ஆடியதைப் பார்த்துக் குகன் வாசிப்பை நிறுத்திவிட்டுச் சிரித்ததை அன்றுதான் கண்டேன். முடிவில் எதியோப்பியக் கப்பல் அதிகாரி ஒருவர் மேடைக்கு வந்தார். கண் கலங்கியிருந்தது. இவர் கையைப் பிடித்துக் குலுக்கி, இந்தப் பெயரை யார் வைத்தது என்று ஆங்கிலத்தில் கேட்டார். நான்தான் என்றார் இவர். அழகான பெயர், எங்கள் மொழியில் அதற்கு ‘எங்களுடையது’ என்று அர்த்தம் என்றார் அதிகாரி.

சுனில் டிரம்ஸுக்குப் பின்னால் விழுந்து விழுந்து சிரித்தான். படிக்குப் போங்க அய்யே என்று வாசலைக் காட்டினான். அவர் போனார். பகிடி என்று நினைத்தோம், ஆனால் உண்மையாகவே மண்டபத்துக்கு வெளியே போய்த் தனியாக நின்றார். நெடுநேரம் கழித்து உள்ளே வந்தவர், பெயரை மாற்றவேண்டாம் என்றார். இங்கே ஒருவருக்கும் விளங்காத பாஷையில் இருந்தால் அந்தச் சொல் பரவாயில்லையாம்.

அடுத்த வருடம் கோட்டைப் பக்கம் குண்டு வெடித்தது. எங்கள் கந்தோரின் ஜன்னல் கண்ணாடி எல்லாம் மேசைகளில் கிடந்தது. பிறகு வெள்ளவத்தை லொட்ஜ்களில் ஒன்றன்பின் ஒன்றாகச் சுற்றிவளைப்பு. ஒரு காலையில் குகன் இருந்த லொட்ஜுக்கும் பொலிஸார் வந்து, இளம் ஆண்கள் எல்லோரையும் ஏற்றிக்கொண்டு போனார்கள். வடக்கில் இருந்து வருகிறவர்கள் எடுக்கவேண்டிய பொலிஸ் பதிவு குகனிடம் இருந்தது. அதைக் காட்டிக்கொண்டேதான் வாகனத்தில் ஏறினானாம்.

மற்றவர்கள் ஒவ்வொருவராக வந்துசேர்ந்தார்கள். ஒருவனுக்காக அவன் வேலைசெய்த கடையின் சிங்கள முதலாளி போனார். இன்னொருவனுக்காக யாரோ தெரிந்த அதிகாரி பேசினார். குகனுக்குக் கொழும்பில் எங்களைத் தவிர ஒருவரும் இல்லை. யாழ்ப்பாணத்தில் பிறந்தவள் என்று அடையாள அட்டையில் எழுதியிருக்கும் நான் போனால் அவனுக்கு இருக்கிற கெடுதல் போதாதென்று ஆகிவிடும். போய்ப் பேசக்கூடியவன் சுனில் ஒருவன்தான். அவன் ஒரு வார்த்தை சொன்னால் குகனை விட்டுவிடுவார்கள் என்று அவர் உறுதியாக நம்பினார்.

ஆனால் முந்தின மாதம்தான் வடக்கில் ஒரு முகாமில் சிப்பாயாக இருந்த சுனிலின் தம்பி செத்துப்போனான். பெட்டியைத் திறக்கவே விடவில்லை. தாய் அந்த மூடிய பெட்டியைத் தடவித் தடவி, உள்ளே இருப்பது தன் பிள்ளைதானா என்று கேட்டுக்கொண்டே இருந்தாளாம். அந்த வீட்டுக்குப் போய் இதைக் கேட்கவேண்டாம் என்று நான் சொன்னேன். வேறு ஆள் இல்லையே என்றார் அவர்.

சுனில் வந்தான். அதை நான் மறக்கமாட்டேன், அவன் வந்தான். வெள்ளைச் சேர்ட் போட்டு, தலை வாரி வந்தான். பொலிஸ் நிலையத்துக்கு எதிரே ஒரு பேக்கரி வாசலில் மூவரும் நின்றோம். என்ன சொல்லவேண்டும் என்று அவர் சிங்களத்தில் சொல்லிக்கொடுத்தார். ‘அபே கெனெக்’ என்று மட்டும் சொல், எங்கட ஆள் என்று, வேறு எந்த விளக்கமும் வேண்டாம் என்றார். அந்தச் சொல்லை அவர் வாயால் நான் கேட்டது அதுதான் முதல் தடவை.

சுனில் றோட்டைக் கடந்தான். வாசல்வரை போனான். அங்கே நின்ற சிப்பாய்க்கு அவன் தம்பியின் வயது இருக்கும். சுனில் அவனைப் பார்த்துக்கொண்டு நின்றான், பிறகு திரும்பி வந்துவிட்டான்.

“மட்ட பே, அய்யே,” என்றான். என்னால் முடியாது அண்ணா என்று. பேக்கரித் திண்ணையில் உட்கார்ந்து முகத்தை மூடிக்கொண்டான்.

அவனைக் குறைசொல்ல எனக்கு அன்றும் மனம் வரவில்லை, இன்றும் வரவில்லை. அவர் அவன் தலையில் கைவைத்து, வீட்டுக்குப் போகச் சொன்னார். சேர்ட்டை இழுத்துக் காற்சட்டைக்குள் விட்டுக்கொண்டார். அண்ணன், நீங்கள் போகவேண்டாம் என்று நான் கையைப் பிடித்தேன். மெதுவாக விடுவித்துக்கொண்டு போனார். அந்த வாசலிலும் குனிந்துதான் நுழைந்தார்.

பேக்கரிக்காரன் கடையடைக்கப் பலகை போடும்வரை நான் நின்றேன். அவர் வெளியே வரவில்லை.

உள்ளே நடந்ததை அவர் எனக்குச் சொன்னது ஒரு மழைக்காலம் முழுவதும் கழிந்து, தடுப்பில் இருந்து அவரை விட்ட பிறகுதான். அவருடைய சிங்களத்தில் ஒரு பிசிறு இருக்காது. “ஏ அபே லமயெக், மஹத்தயா,” என்று சொல்லியிருக்கிறார். அவன் எங்கட பிள்ளை ஐயா என்று. அதிகாரி நம்பிவிட்டார். கதிரையைக் காட்டி உட்காரச் சொல்லியிருக்கிறார். பிறகு சும்மா ஒரு ஒழுங்குக்காக அடையாள அட்டையைக் கேட்டார். பெயரை வாசித்தார். அட்டையை மேசையில் வைத்துவிட்டு, நீ ‘அபே’ என்று சொன்னாயே, அது யாருடைய என்று கேட்டார்.

“அதே சொல்லுதான் தங்கச்சி,” என்றார். “வாய்தான் வேற.”

முன்வீட்டு மனுசி சொன்னபோது காப்பாற்றிய சொல், இவர் சொன்னபோது ஒப்புதல் வாக்குமூலமாகிவிட்டது. அவனும் நீயும் ஒரே கூட்டம், இன்னும் யார் யார் என்று அவர்கள் கேட்கத் தொடங்கினார்கள். முதல் நாள் ஒரு தடவை குகனைத் தூரத்தில் கண்டிருக்கிறார். கூட்டிக்கொண்டு போகத்தான் மாஸ்டர் வந்திருக்கிறார் என்று நினைத்து அவன் எழும்பி நின்றானாம், சேர்ட்டைத் தட்டிவிட்டுக்கொண்டு. அதன்பிறகு அவனை அவர் காணவில்லை. கேட்ட இடங்களில் எல்லாம் அப்படி ஒருவனைக் கொண்டுவரவே இல்லை என்றார்கள்.

மேல்வரிசையில் அவருடைய முன்பற்கள் போயிருந்தன. சக்ஸபோன் வாசிக்கிறவருக்கு மேல்பல் வேண்டும், அதில்தான் வாத்தியம் தாங்கி நிற்கும். பல் கட்டலாமே என்றேன். சிரித்தார், பிறகு ஞாபகம் வந்ததுபோலக் கையால் வாயை மூடிக்கொண்டார். கந்தோரில் அவருக்கு வேலை இல்லை என்றார்கள். சுனில் ஒரு நாள் நான் இல்லாத நேரம் ஜிந்துப்பிட்டிக்கு வந்து டிரம்ஸை எடுத்துக்கொண்டு போய்விட்டான். ஓர்கனை நான் மூடிவைத்தேன். அவ்வளவுதான் ‘யெஞ்ஞா’.

குகனின் தாய் யாழ்ப்பாணத்தில் இருந்து கப்பலில் வந்துசேர்ந்தபோது லொட்ஜ்காரர் அவரை என்னிடம் அனுப்பினார். நான் கொட்டாஞ்சேனைக்குக் கூட்டிப் போனேன். மெலிந்த, நிமிர்ந்து நடக்கிற மனுசி. கையில் ஒரு பை, அதில் மகனுக்கென்று செய்துகொண்டுவந்த பனங்காய்ப் பணியாரம். அவர் இருந்த ஒற்றை அறைக்குள் போனதும் தாய் அவரைக் கும்பிட்டார்.

“ஐயா, நீங்கள்தானாம் பொலிசிலை போய் ‘எங்கடை பிள்ளை’ எண்டு சொன்னது,” என்றார். “லொட்ஜ்கார ஐயா சொன்னவர். கேட்ட உடனைதான் எனக்கு மூச்சு வந்தது. கொழும்பிலை அவனுக்கு ஒரு ஆள் இருக்கெண்டு.” பிறகு அறையைச் சுற்றிப் பார்த்தார். “அவனை எங்கை வைச்சிருக்கிறியள்?”

இவர் போய்ச் சொல்லி மகனை மீட்டுவிட்டார் என்றே அந்தத் தாய் நினைத்துக்கொண்டு வந்திருக்கிறார். லொட்ஜ்காரர் பாதியைச் சொல்லி, மீதியைச் சொல்லத் தைரியம் இல்லாமல் எங்களிடம் அனுப்பிவிட்டார். நான் வாய் திறக்க முதல் அவர் கட்டில் விளிம்பில் உட்கார்ந்துவிட்டார். அவ்வளவு உயரமான மனிதர் ஒரு பிள்ளைபோல வாயைப் பொத்திக்கொண்டு அழுதார். அந்த மனுசிக்கு விளங்கிவிட்டது. பையை நிலத்தில் வைக்காமல் நின்றபடியே நின்றார்.

அன்றிலிருந்து அவருக்கு வேறு வேலை இல்லை. தாய்க்குச் சிங்களம் தெரியாது. எந்த முகாமிலோ சிறையிலோ ஒருவன் இருக்கிறான் என்று காற்றுவாக்கில் கேள்விப்பட்டாலும் இருவரும் போவார்கள். வாசல்களில் நிற்பார்கள். கேட்பதை அவர் தமிழில் சொல்வார், தாய் சொல்வதைச் சிங்களத்தில் சொல்வார். இல்லை என்ற பதிலை மட்டும் மொழிபெயர்க்கத் தேவை இருக்கவில்லை. இப்படி வருடங்கள் போயின. ஒரு பங்குனியில் தாய் வெள்ளவத்தை லொட்ஜிலேயே நெஞ்சுவலி வந்து போய்விட்டார். ஊரில் இருந்து யாரும் வர வழியில்லை. பொரளைக் கனத்தை மயானத்தில் கொள்ளி வைத்தது அவர்தான். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் பூசைக்குப் போன மனிதர், ஈர வேட்டியோடு குடத்தைத் தோளில் வைத்துக்கொண்டு சுற்றி வந்தார். ஐயர் மகனா என்று கேட்டதற்குத் தலையாட்டினார்.

நான் கனடாவுக்கு வெளிக்கிட முன் கடைசியாக அவரைக் கண்டது பொரளைச் சந்தியில், ஒரு மத்தியானம். கையில் ஒரு பை. சவர்க்காரம், பிஸ்கட், ஒரு புதுச் சேர்ட். எங்கே என்று கேட்டேன். போகும் இடத்தைச் சொன்னார், அதன் பெயரை நான் இங்கே எழுதவில்லை. பஸ்ஸில் அவரோடு நானும் ஏறினேன். தாயும் இல்லாமல் போய்விட்டார், அவன் இருப்பான் என்று உங்களுக்கே நம்பிக்கை இல்லை, இனி யாருக்காக அலைகிறீர்கள் என்று கேட்டேன். எனக்குக் கோபம்தான் வந்தது. அவர்மேல் இல்லை, ஆனால் பக்கத்தில் இருந்தவர் அவர்தான்.

“நம்பிக்கயா?” என்றார். “அது எப்பவோ போயிருச்சி. கேக்க ஒருத்தனும் வராட்டி, அவன் பொறக்கவே இல்லன்னு ஆயிரும் தங்கச்சி. அதுக்குத்தான்.”

வாசலில் நீண்ட வரிசை. வெயிலில் நின்று நின்று எங்கள் முறை வந்தது. காவலுக்கு நின்றவன் சின்னப் பையன், பதவிசாகத்தான் இருந்தான். பையைக் காட்டி, “காகெத?” என்று கேட்டான். யாருடையவன், யாருக்கு என்று.

“மகே,” என்றார் அவர். என்னுடையவன்.

பையன் பெயரைக் கேட்டுக்கொண்டு உள்ளே போனான், திரும்பி வந்தான். “அத பே,” என்றான். இன்றைக்கு முடியாது. அவர் தலையாட்டி, சேர்ட் கசங்காமல் பையைச் சரிசெய்துகொண்டு விலகினார். பையன் எங்களுக்குப் பின்னால் நின்ற கிழவியிடம் அதே கேள்வியைக் கேட்டான்.